முறுக்கில் போன நீளம்

மில் கேட்டைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் நடந்த பிறகுதான் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இன்னும் இருப்பது தெரிந்தது. அது மில்லின் சொத்து. அதுவரை என் மேல் இருந்தது பொய்ப் பழி மட்டும்தான். இப்போது அதோடு ஓர் உண்மையான திருட்டும் சேர்ந்துவிட்டது. திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் முறைத்துக்கொண்டு வெளியேறிய வாசலில் பத்து நிமிடத்தில் மறுபடியும் போய் நிற்பது, கோபித்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளை செருப்பை மறந்துவிட்டேன் என்று மாமனார் வீட்டுக்குத் திரும்புவது போல. நான் போகவில்லை. வெயிலும் இருந்தது. ஹெல்மெட்டோடே நடந்தேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனால் அரைமணி நேரம். ஏறாததற்குக் காரணம், அது ஷிப்ட் விடுகிற நேரம். பஸ்ஸில் பாதிப்பேர் மில் ஆட்களாக இருப்பார்கள். என்னப்பா, வேலை முடிஞ்சிட்டா என்று ஒருவன் கேட்பான், நான் வாயைத் திறப்பதற்குள் நாலு தலை திரும்பும். நடப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. எட்டாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே நடந்தவன், அதற்குப் பிறகு முப்பது வருடமாக எங்கிருந்தாவது வெளியே நடந்துகொண்டுதான் இருக்கிறேன். மாங்காய்க் குடோன், பேண்டேஜ் துணித் தறி, மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனி, டிவி கேபிள், கண்காணிப்புக் கேமரா, கடைசியாகக் கம்ப்யூட்டர் கேபிள். ஒவ்வொரு இடத்தை விட்டும் கிளம்பும்போது வயிறு காலியாக இருந்திருக்கிறது. மற்றபடி மனதில் பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

அன்றைக்கு இருந்தது. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்லிவிட்டார்கள். செய்த எத்தனையோ காரியங்களுக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எரிச்சல்.

மில்லில் புதிதாக ஒரு ஷெட் கட்டியிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் அதில் நூல் சுற்றும் மிஷின் ஒன்று வந்து உட்கார வேண்டும். அந்த மிஷின் எத்தனை கோன் சுற்றினேன், எத்தனை தடவை இழை அறுந்தது என்பதையெல்லாம் ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தானே கோள் சொல்லிவிடுமாம். கோள் சொல்வதற்கு ஒரு கேபிள் வேண்டும். ஆபீஸிலிருந்து மிஷின் நிற்கப்போகும் இடம் வரை அறுபது மீட்டர். தரைக்கடியில் பைப் போட்டு அதற்குள் கேபிளை இழுத்துவிட்டது நான். வேலையை ஒப்புக்கொண்டவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. நான் அவருடைய ஆள். நான் இழுத்து முடித்த மறுநாள் கொத்தனார்கள் வந்து மேலே கான்கிரீட் போட்டார்கள். அது காய்ந்ததும் மேனேஜர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் பூஜை போட்டார். தரைக்கும் கேபிளுக்கும் சேர்த்து ஒரே கற்பூரம்.

அதன் பிறகுதான் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தார். சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். மனிதன் சொன்னால் நம்ப மாட்டார், கருவி சொன்னால் நம்புவார். அந்த டெஸ்டர் மில்லுக்குப் புதிதாக வந்தது. அதன் உறையைக்கூட அவர் இன்னும் கழற்றிப் போடவில்லை.

அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. பச்சை, நீலம், ஆரஞ்சு, பிரவுன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையில் கோடு போட்ட ஒரு துணை. நாலு ஜோடியையும் சேர்த்து மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. டெஸ்டரை ஒரு முனையில் மாட்டினால் ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு நீளம் என்று தனித்தனியாகச் சொல்லும். சொன்னது. பிரவுன் அறுபது புள்ளி ஏழு. ஆரஞ்சு அறுபத்தொன்று புள்ளி மூன்று. நீலம் அறுபத்திரண்டு புள்ளி ஒன்று. பச்சை அறுபத்திரண்டு புள்ளி எட்டு.

சூப்பர்வைசர் மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்று தடவையும் அதே கணக்கு.

"ஏலே, இது ஒரே கேபிளுதான?"

"ஆமா சார்."

"ஒரே கேபிளுன்னா நாலு ஜோடியும் ஒரே எடத்துல ஆரம்பிச்சு ஒரே எடத்துல முடியணும்லா? பச்சை மட்டும் ரெண்டு மீட்டரு கூடப் போய் யாரு வீட்ல விருந்து சாப்பிட்டுட்டு வருது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொல்லவில்லை. தலையைச் சொறிந்தேன். அது எங்கள் தொழிலில் பாதி ஒப்புதல் வாக்குமூலம்.

மில்லில் இருப்பவர்களுக்கு ஒரு கண் உண்டு. இழை அறுந்தால் ஒட்ட வேண்டும், ஒட்டினால் முடிச்சு தெரியக் கூடாது, தெரிந்தால் துணியில் வரும், துணியில் வந்தால் நூலை வாங்கினவன் திருப்பி அனுப்புவான். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒட்டைத் தேடுவதுதான் அவர்கள் பிழைப்பு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாலையில் ஒட்டு எங்கே என்றுதான் பார்ப்பார்கள். சூப்பர்வைசரும் கேபிளில் அதைத்தான் பார்த்தார். பழைய துண்டுகளை உள்ளே ஒட்டி இழுத்திருக்கிறேன், ஒட்டும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு நீளத்தில் துண்டு கொடுத்திருக்கிறேன் என்பது அவர் முடிவு. கேபிளை வெளியே இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தோம். அசையவில்லை. பைப்பின் மறுமுனையிலிருந்து ஸ்பிரிங் கம்பியை விட்டுப் பார்த்தார். இருபது மீட்டரில் முட்டி நின்றது.

"பாத்தியா? ஒட்டு போட்ட எடம் வீங்கி அங்கனயே மாட்டிக்கிச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

மேனேஜர் வந்தார். எங்களுக்குப் புரியக் கூடாது என்று முதலாளியிடம் போனில் தெலுங்கில் பேசினார். ராஜபாளையத்தில் ஆறு மாதம் இருந்தால் போதும், திட்டு வாங்குவது எந்த மொழியிலும் புரிந்துவிடும். நாளைக் காலையில் தரையை உடைப்பது, ஒட்டை எடுத்துப் போட்டோ பிடிப்பது, அண்ணாச்சியை இனி கேட்டுக்குள் விடாமல் இருப்பது என்று முடிவானது. என்னைப் பற்றி முடிவு எதுவும் எடுக்கவில்லை. எடுக்கிற அளவுக்கு நான் ஆள் இல்லை. ஆனால் ஒட்டு போடுகிறவன் என்று ஒரு மில்லில் பெயர் விழுந்தால் சேத்தூர் வரைக்கும் எந்த மில் வாட்ச்மேனும் அதை மறக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

இதில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒட்டே போடாத உத்தமன் இல்லை நான். தளவாய்புரத்தில் ஒரு தையல் கம்பெனியில் எலி கடித்த கேபிளைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி, மேற்கூரைக்குள் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அது இன்றைக்கும் ஓடுகிறதா, அந்த எலி உயிரோடு இருக்கிறதா, தெரியாது. ஆனால் மில்லில் போடவில்லை. புதுப் பெட்டியைப் பிரித்து, ஒரே இழுப்பில், முழங்கை தோல் போக இழுத்த கேபிள் அது.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டேன். ரோட்டோரம் ஒரு டீக்கடை. புருஷன் வடை போட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு நடந்து வாரீய? வண்டி பின்னாடி வருதா?"

ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன். டீ வந்தது. பையில் மிச்சக் கேபிள் ஒன்று சுருட்டிக் கிடந்தது. அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதற்கு வாய் இருந்தால் சொல்லிவிடுமே என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"அது என்ன, பாம்பு பிடிச்சிட்டு வந்தவரு மாதிரி?" என்றாள்.

சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம். நாலு ஜோடி, நாலு நீளம், ஒட்டு, நாளைக்குத் தரை உடைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும் சிரித்தாள். அனுதாபச் சிரிப்பு இல்லை.

"நா பதினோரு வருசம் டப்ளிங்ல இருந்தேன். ரெண்டு இழைய ஒண்ணா முறுக்குத வேலை. நூறு மீட்டரு இழைய முறுக்குனா நூறு மீட்டரா வரும்னு நெனச்சீயளா?"

"வராதா?"

"எப்படி வரும்? வளைஞ்சு வளைஞ்சுல்லா போவுது. முறுக்கு கூடக்கூட நீளம் கொறையும். இதத் தெரியாமயா எட்டுக் கம்பியத் தூக்கிட்டு ஊரு ஊரா அலையுதீய?"

புருஷன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பாமல் சொன்னான். "அவரு நேரால்லா நடந்து வாராரு. வளைஞ்சு வளைஞ்சு வந்திருந்தா இன்னும் மில்லு கேட்டுலயே இருப்பாரு."

இந்த விஷயத்தை ஒரு மில் தொழிலாளி சொன்னவுடன் எனக்கு விளங்கிவிட்டது. மில்லிலேயே நாளெல்லாம் இருக்கிறவர்களுக்குக் கேபிளைக் கையில் பிடித்தால் ஏன் விளங்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆச்சரியம். நூல் வேறு, கம்பி வேறு என்று நினைத்திருப்பார்கள். நூலில் முறுக்கைப் பார்ப்பவர்கள் கம்பியில் ஒட்டை மட்டும் பார்த்தார்கள்.

ஆனால் சொன்னால் மட்டும் போதாது, அளக்க வேண்டும். கேபிள் உறையின் மேல் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண் வரை வெட்டினேன். சரியாக ஒரு மீட்டர். உறையைக் கீறி உரித்தேன். ஒவ்வொரு ஜோடியாக முறுக்கைப் பிரித்து, நகத்தால் நீவி நேராக்கி, பெஞ்சின் மேல் அளவு டேப்போடு சேர்த்து வைத்தேன். கம்பி சுருண்டு எழும்பியது. புருஷன் வடைக் கரண்டியால் ஒரு முனையை அழுத்திப் பிடித்தான். எண்ணெய் பட்டது, பரவாயில்லை.

பிரவுன் கம்பி ஒரு மீட்டரைத் தாண்டிக் கட்டைவிரல் நகம் அளவு நீண்டது. ஆரஞ்சு ஒரு விரல். நீலம் இரண்டு விரல். பச்சை மூன்று விரலுக்குக் கொஞ்சம் குறைவு. முறுக்கைப் பிரிக்காத துண்டில் எண்ணிப் பார்த்தோம். ஒரு சாண் நீளத்துக்குள் பச்சை ஜோடி பிரவுனை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுற்று சுற்றியிருந்தது. உறை ஒரு மீட்டர்தான். அதற்குள் போகிற செம்பு ஒரு மீட்டர் இல்லை. டெஸ்டர் உறையை அளக்கவில்லை, செம்பை அளந்திருக்கிறது. மீட்டருக்கு மூன்று விரல் என்றால் அறுபது மீட்டருக்கு எவ்வளவு? எட்டாம் வகுப்பில் பாதி போதும் இந்தக் கணக்குக்கு.

"அது சரி, எல்லாத்தயும் ஒரே மாதிரி முறுக்கித் தொலைக்க வேண்டியதுதான? எதுக்கு ஒண்ணொண்ணுக்கு ஒரு முறுக்கு?" என்றான் புருஷன்.

அது எனக்குத் தெரியும். மதுரையில் கேபிள் கம்பெனிக்காரன் ஒருநாள் வகுப்பு எடுத்தபோது சாப்பாட்டுக்காகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். நாலு ஜோடியும் ஒரே முறுக்கில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால், ஒரு ஜோடி பேசுவது அடுத்த ஜோடிக்குக் கேட்டுவிடும். முறுக்கு மாறினால் கேட்காது.

"லைன் வீடு மாதிரி. அங்க கொழம்பு கொதிச்சா இங்க மூக்குக்குத் தெரியும்" என்றாள் அவள். பிறகு கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "எங்க மில்லுல கோன்ல நீளம் கொறையுதுன்னு என்னய மூணு மாசம் சந்தேகப்பட்டாரு ஒரு மேஸ்திரி. நா நூலை உருவி வீட்டுக்குக் கொண்டு போறேனாம். அத உருவி நா என்ன சேலையா நெய்யப் போறேன்."

"பொறவு?"

"பொறவு என்ன? பல்சக்கரத்த மாத்தி முறுக்கக் கூட்டுனதே அவருதான். மறந்துட்டாரு."

"தப்புன்னு மன்னிப்புக் கேட்டாரா?"

"கேட்டாரு. ஞாயித்துக்கெழம வேலைக்கி வருவியான்னு கேட்டாரு."

அங்கிருந்தே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மேனேஜர் அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டார் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"எங்கலே இருக்க?"

"நடந்து வாரேன் அண்ணாச்சி."

"எங்க, கடைக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா?"

அவருக்கு என்னைத் தெரியும். உண்மையில் அதுவரை பஸ் ஸ்டாண்டுக்குத்தான் நடந்துகொண்டிருந்தேன். திருப்பூர் பஸ் ஒன்று சாயங்காலம் உண்டு. அங்கே யாரும் யாரையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதில்லை.

"கடைக்குத்தான்" என்றேன்.

"வா. நீ ஓடிட்டன்னா, ஒட்டு நீதான் போட்டன்னு ஆயிப்போவும்லே. பொறவு அவியகிட்ட நா என்னத்தச் சொல்லி நிப்பேன்?"

மடவார் வளாகத்தில் வெயில் இறங்கியிருந்தது. கடையில் அவர் தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"உண்மையச் சொல்லு. தளவாய்புரத்துல பண்ணுன மாதிரி இங்கயும் பண்ணிட்டியா?"

"இல்ல அண்ணாச்சி."

"கோயிலப் பாத்துச் சொல்லு."

கோயிலைப் பார்த்து நான் எத்தனையோ தடவை பொய் சொல்லியிருக்கிறேன். அது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும், கோயிலுக்குள் இருக்கும் வைத்தியநாதசுவாமிக்கும் தெரியும். அதனால் அவரை இதில் இழுக்காமல், பையிலிருந்து கம்பிகளை எடுத்து மேசை மேல் வரிசையாக வைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிரவுனையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இழுத்து நீட்டியிருக்க."

"செம்பு என்ன சவ்வு மிட்டாயா அண்ணாச்சி?"

"என்னமோ எண்ணெய் வேற தடவிக் கொண்டாந்திருக்க."

அவர் நம்பவில்லை. அதில் தப்பும் இல்லை. கடையில் இருந்த புதுப் பெட்டியைத் தானே பிரித்தார். தானே எண் பார்த்து வெட்டினார். என்னைத் தொடவிடவில்லை. உரித்து, பிரித்து, நீவி, முன்பு துணிக்கடை வைத்திருந்த காலத்து ஸ்கேலை வைத்து அளந்தார். பச்சை மூன்று விரலுக்குக் கொஞ்சம் குறைவு. பிரவுன் நகம் அளவு. கடைக்கு வந்த ஒருவர் பல்பு கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் தலைக்கு மேலேயே நாற்பது பல்பு தொங்கியது.

"பதினஞ்சு வருசமா இத விக்கேன்லே" என்றார் கடைசியில்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. வேலை நேரம் முடிந்தால் அவர் மில் போனைத் தொட மாட்டார், பட்டாளத்துப் பழக்கம். மேனேஜர் எடுத்தார். முறுக்கு, செம்பு, மூன்று விரல் என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் எல்லாம் காலையில் தரை சொல்லும் என்று போனை வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கடையிலேயே கேபிள் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். அண்ணாச்சி வீட்டிலிருந்து நாலு தோசை வந்தது. நம்பிக்கையால் அனுப்பினாரா, ஓடிவிடாமல் இருக்க அனுப்பினாரா என்று ஆராயாமல் சாப்பிட்டேன்.

ஏழு மணிக்கு உடைக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்ததால் ஆறரைக்கே அவர் பைக்கில் போய் இறங்கினோம். கேட்டில் வாட்ச்மேன் என் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டுத் தினமும் வருகிறவர்களைப் போல இரண்டு பேரையும் உள்ளே விட்டான். ஷெட்டுக்குள் நுழையும்போதே தூசி. பட்டாளத்துக்காரரிடம் ஏழு மணி என்றால் ஐந்தே முக்கால் என்று எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். புதுத் தரையில் நாலு மீட்டருக்குப் பள்ளம். பிரேக்கர் மிஷினைத் தரையில் கிடத்திவிட்டு அதை ஓட்டினவன் ஓரமாக உட்கார்ந்திருந்தான். கொத்தனார் ஒருவர் பீடி பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். பள்ளத்துக்குள் சூப்பர்வைசர் குந்தியிருந்தார்.

ஒட்டு இருக்கும் என்று அவர் சொன்ன இடத்தில் பைப்பின் இணைப்பு விலகியிருந்தது. கான்கிரீட் போடும்போது யாரோ அதன் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகச் சிமெண்டுப் பால் உள்ளே இறங்கி, கேபிளைச் சுற்றித் தேங்காய் அளவுக்குக் கட்டியாக இறுகியிருந்தது. கட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே கேபிள் முழுசாக இருந்தது. ஒட்டும் இல்லை, டேப்பும் இல்லை. உறையில் அச்சடித்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தவறாமல் போயின.

அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, கேபிள் இரண்டு துண்டாகக் கிடந்தது. பிரேக்கரின் உளி வெட்டியிருந்தது.

அண்ணாச்சி என் முதுகில் விரலால் குத்தினார். நான் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கடையில் வெட்டின கம்பிகளைப் புதுத்தரையின் மேல் வரிசையாக வைத்தேன். பிரவுன், ஆரஞ்சு, நீலம், பச்சை. முறுக்குப் பிரிக்காத ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்தேன். சூப்பர்வைசர் தன் இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தார். பச்சை ஜோடியின் முறுக்கை நகத்தால் எண்ணினார். பிரவுனை எண்ணினார். மறுபடியும் பச்சையை எண்ணினார். மில்லில் இழை முறுக்குகிற டப்ளிங் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அங்கே மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நேத்து எனக்கும் தெரியாது சார்."

அதை அவர் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது என்று சொல்வதைப் பட்டாளத்தில் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வார்களாம். மேனேஜர் வந்தார், பள்ளத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மிஷின் ஏற்றின லாரி கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டது. அவர் சூப்பர்வைசரிடம் என்னவோ தெலுங்கில் சொன்னார். அதுவும் எனக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் வெட்டுப்பட்ட இரண்டு முனைகளையும் கையில் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். குரல் பாதியாகிவிட்டது.

"இப்போதைக்கு இதுல ஒரு ஒட்டு போட்டா ஓடும்லா?"

அண்ணாச்சி இருமினார். பிரேக்கர்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஓடும் சார். நா போட்டுருவேன். நீங்க சொல்லித்தான் போட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பொறவு தரைய மூடிருவோம்."

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். போன் அடிக்கவே இல்லை.

"புதுசா இழு" என்றார் சூப்பர்வைசர், இரண்டு முனைகளையும் கீழே போட்டுவிட்டு.

இழுப்பேன், ஆனால் பைப்புக்குள் போவதற்கு முன்னால் கேபிளைத் தரையில் நீளமாகப் போட்டு அவர் கையால் டெஸ்ட் செய்ய வேண்டும் என்றேன். ஆபீஸ் வாசலிலிருந்து ஷெட்டு வரை கேபிளை விரித்தோம். உறையில் எண் பார்த்தேன், சரியாக அறுபது. அவர் டெஸ்டரை மாட்டினார். மில் சத்தத்தில் கேட்பதற்காக ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்தார். அணிவகுப்பில் பெயர் கூப்பிடுவது போலத்தான் இருந்தது. பிரவுன் அறுபது புள்ளி ஏழு. ஆரஞ்சு அறுபத்தொன்று புள்ளி இரண்டு. நீலம் அறுபத்திரண்டு. பச்சைக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அறுபத்திரண்டு புள்ளி எட்டு என்றார். அண்ணாச்சி சுவரில் சாக்பீஸால் எழுதினார். தப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பைப்பில் உடைந்த பகுதியை மாற்றி, கேபிளை இழுத்து முடிக்கும்போது மணி ஒன்பதரை. இனி பள்ளத்தை மூட வேண்டும். கொத்தனார் வந்திருந்தார், அவருடைய சித்தாள் வரவில்லை. ஜல்லியும் மணலும் வெளியே குவியலாகக் கிடந்தன. மத்தியானம் மிஷின். யாரப்பா கலவை போடுவது என்று சூப்பர்வைசர் பொதுவாகக் கேட்டார். பிரேக்கர்காரன் தன் மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி தன் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

நான் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். இடத்தைப் பெருக்கி, மணலைப் பரப்பி, சிமெண்டு மூட்டையின் வாயைப் பிரித்தேன். கொத்தனார் பீடியை இப்போது பற்றவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வயர்மேனா, சித்தாளா?"

"மத்தியானம் வரைக்கும் சித்தாளு."

"அப்பம் தண்ணியக் கொறைச்சு ஊத்து. மேல இரும்புத் தகடு போட்டுத்தான் மிஷின உருட்டணும்" என்றார். குறைத்து ஊற்றிக் கலந்து, முதல் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன்.